இருபத்திரண்டு சென்டிமீட்டர்

கண் விழித்ததும் வெப்பமானி.
எழக்கூடாது, பேசக்கூடாது,
காலடியில் படுத்திருக்கும் பூனையைக்கூடத் தள்ளக்கூடாது.
நாக்கின் அடியில் கண்ணாடிக் குச்சியோடு
தார்வோவின் முதுகைப் பார்த்தபடி ஐந்து நிமிடம்.
முப்பத்தாறு புள்ளி ஏழு.
நேற்றும் அதுவே.
கட்டத்தாளில் ஒரு புள்ளி வைத்து
நேற்றைய புள்ளியிலிருந்து கோடு இழுக்கிறேன்.
முட்டை வந்து ஆறாம் நாள்.

பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்கு.
அங்கேயும் அளப்பதுதான்.
ரோஹுகுலா துறையிலிருந்து வோர்ம்சி தீவுவரை
உறைந்து கிடக்கும் கடலில்
நூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டு
கொக்கி வைத்த கோலை இறக்கி
பனியின் அடிவயிற்றில் மாட்டிப் பார்க்க வேண்டும்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால் சாலை.
இருபத்தொன்று என்றால் கடல்.

காலை ஆறுக்கு நான் சூடு கேட்கிறேன்.
ஒன்பதுக்குக் குளிர் கேட்கிறேன்.
மேலே கேட்டுக்கொண்டிருப்பவர் யாரேனும் இருந்தால்
இந்நேரம் குழம்பிப் போயிருப்பார்.

ஹாப்சாலு மருத்துவமனையில் டாக்டர் ஓயாஸ்தே
மூன்று மாதக் கோடுகளையும் மேசையில் பரப்பினார்.
"முட்டை ஒழுங்காக வருகிறது.
அதற்குப் பிந்தைய நாட்கள்தான் போதவில்லை.
பன்னிரண்டாவது வேண்டும்.
உங்களுக்கு எட்டு."
முட்டை விட்டுப்போன இடத்தில்
மஞ்சளாய் ஒரு சிறு உடலம் திரளுமாம்.
கருப்பையைத் தயாராக வைத்திருப்பது அதன் பொறுப்பாம்.
என்னுடையது நேரமாகும் முன்பே
கடையை அடைத்துவிடுகிறதாம்.
"யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

நான்கு வருடம்
எந்த நாளில் சேர வேண்டும் என்று மட்டும் எண்ணினோம்.
சேர்ந்த பிறகும் எண்ண நாட்கள் உண்டு என்று
ஒருவரும் சொல்லவில்லை.
ஒருவேளை வந்திருக்கலாம், இரண்டு முறை, மூன்று முறை,
இடம் பார்த்து அமர்வதற்குள்
தரை நழுவியிருக்கலாம்.
அதை இழப்பு என்று சொல்லலாமா?
அதற்குக் கட்டத்தாளில் குறி இல்லை.

சாலை திறந்தாயிற்று.
தடுப்புக்கட்டை அருகே நின்று
வண்டிவண்டியாகச் சொல்கிறேன்:
சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள், உடைந்தால் குதிக்க வேண்டும்.
மெதுவாகப் போங்கள், இல்லையென்றால் வேகமாக.
நடுவாந்தர வேகத்தில்
பனிக்கு அடியில் ஓர் அலை வண்டியோடு கூடவே ஓடி
பிளந்துவிடும்.
எங்கும் நிற்காதீர்கள்.
ஃப்ரிட்ஜை ஏற்றி வந்த எண்டெல்
கண்ணாடியை இறக்கிக் கேட்கிறார்,
எல்லோரும் கேட்பதைத்தான்:
"இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"
இன்றைக்குத் தாங்கும் என்கிறேன்.

ஒன்பதாம் நாள்.
முப்பத்தாறு புள்ளி மூன்று.
ஆடையைப் பார்க்க வேண்டியதே இல்லை,
கோடு சொல்லிவிட்டது.
தார்வோ தூங்குவதுபோலக் கிடந்தான்.
அவன் தூங்கும்போது வாயால் மூச்சு விடுவான்.
இப்போது விடவில்லை.

வெளியே மைனஸ் பதினெட்டு.
கோலை இறக்கினால் இருபத்தாறு.
இருபத்தேழு.
இத்தனை வருடத்தில் இப்படியொரு பனி கண்டதில்லை என்று
அலுவலகத்தில் காப்பி ஊற்றிக் கொண்டாடுகிறார்கள்.
எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள்.
குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.
மதியம், காரணம் எதுவுமில்லாமல்,
அலுவலக வேனை எடுத்துக்கொண்டு தீவுவரை போனேன்.
பெல்ட் இல்லாமல், மெதுவாக,
அடிவயிற்று வலியை மடியில் வைத்துக்கொண்டு.
நடுக்கடலில் ஓரிடத்தில்
நிறுத்த வேண்டும்போல் இருந்தது.
நிறுத்தவில்லை. விதி என்னுடையது.

அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை.
முட்டை வந்த மூன்றாம் நாள் தொடங்கி, இரவுதோறும் ஒன்று,
மெழுகு உருண்டைபோல இருக்கிறது.
நாட்களை இழுத்துப் பிடிக்கலாம் என்றார் ஓயாஸ்தே.
பிடிக்கும் என்று சொல்லவில்லை.

வீடு திரும்பியபோது
குளிர்பதனப் பெட்டியின் கதவில் புதுத் தாள்.
அதன் வலது ஓரத்தில்
வேறொரு தாளிலிருந்து வெட்டிய துண்டை
டேப் போட்டு ஒட்டியிருக்கிறான் தார்வோ.
கூடுதலாக ஏழெட்டுக் கட்டங்கள்.
கோணலாக ஒட்டியிருக்கிறான், வரிகள் சேரவில்லை.
விரலால் ஒருமுறை தடவி
டேப்பின் ஓரத்தை மட்டும் அழுத்திவிட்டேன்.